வியர்த்த சுவரும் பாட்டு அறையும்

எண்பத்தெட்டில் முஜீப் ரஹ்மான் ஷார்ஜாவிலிருந்து மரக்காணத்துக்குத் திரும்பியபோது தங்கம் கொண்டுவரவில்லை. ஒரு டேப் டெக், ஒரு மிக்ஸர், மைக் இரண்டு. இப்படியும் ஒருவன் உண்டா என்று தெருவே வாயைப் பிளந்தது. நான் பக்கத்து வீட்டுக்காரன். அவன் கூத்தையெல்லாம் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தவன்.

எங்கள் ஊர் உப்பளத்தில் கூலி வேலை செய்யும் அம்சவள்ளி உப்பு வாரிக்கொண்டே பாடுவாள். அந்தக் குரலைக் கேசட்டில் போட்டே தீருவது என்று முஜீபுக்கு வெறி. உப்புநீர் இறைக்கும் ஆயில் இன்ஜின் ஓடும் அளத்திலேயே பதிந்து, பாண்டிச்சேரி கேசட் கடைக்காரரிடம் போட்டுக் காட்டினான்.

"குரல் அருமைங்க. ஆனா அந்தப் பொண்ணவிட ஆயில் இன்ஜின்தான் நல்லாப் பாடுது," என்றார் அவர். சத்தமில்லாமல் பதிந்து வந்தால் மாதாமாதம் வேலை தருவதாகவும் சொன்னார்.

அது நடந்தால் முஜீப் ஊரோடு இருந்துவிடலாம். நடக்காவிட்டால் ஏஜென்ட் புது விசாவோடு வரும் அன்று மறுபடி விமானம்தான். கல்யாணம் ஆனதிலிருந்து புருஷனைப் பெரும்பாலும் கடிதத்திலேயே பார்த்தவள் அவன் மனைவி நாஜியா. பாட்டுப் பதிய வீட்டிலேயே ஓர் அறை வேண்டும் என்றதும், மறுபேச்சில்லாமல் சாமான் அறையைக் காலி செய்து கொடுத்தாள்.

அளத்து இன்ஜின் சத்தம் எங்கள் தெருவரை கேட்கும் என்பதால் ஜன்னலை அடைத்தான். சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிப் பலகை அடித்தான். நடுவில் எதையாவது திணிக்க வேண்டும். கடற்கரை பூராவும் மணல் கிடக்கிறது. ஆனால் உப்பளத்து ஊர்க்காரன் கண்ணுக்கு உப்புதானே முதலில் தெரியும்? விலை போகாத பழுப்பு உப்பை மூட்டை மூட்டையாக அடுக்கிவிட்டான். கதவைச் சாத்தினால் இன்ஜின் சத்தம் துளியும் இல்லை. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

வேலை முடியவும் ஐப்பசி பிறக்கவும் சரியாக இருந்தது. ஈரக்காற்று பட்டதும் சுவர் வியர்க்க ஆரம்பித்தது. மூட்டைகள் கசிந்து, பலகை ஊறி, தரையெல்லாம் உப்புத் தண்ணீர். தெரு விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான் சிரித்தேன். நாஜியாவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

"மழ வந்தா அடுப்படில இருக்குற உப்பே தண்ணியா பூடுது. அதப் போயி சுவத்துல அடுக்கியிருக்கீங்க," என்றாள் அவள். அதோடு நிற்காமல், கிளியனூரில் இருக்கும் தன் அண்ணனுக்குச் சொல்லியனுப்பி வண்டி நிறைய உமி மூட்டை வரவழைத்தாள். உப்பு வெளியே போய் உமி உள்ளே வந்தது.

தை பிறந்து அளத்தில் இன்ஜின் மறுபடி ஓட ஆரம்பித்ததும் அம்சவள்ளி பாட வந்தாள். கை சும்மா இருந்தால் பாட்டு வராது என்றாள். உப்பு வாரும் பலகையைக் கையில் கொடுத்துக் கதவைச் சாத்தினான் முஜீப்.

அன்றைக்குப் பார்த்தா ஏஜென்ட் வரவேண்டும்? விசா தயார், பாஸ்போர்ட் இப்போதே வேண்டும் என்றார். நாஜியா பாட்டு அறையின் கதவைக் காட்டினாள். தட்டினார், கூப்பிட்டார், கடைசியில் காலாலும் உதைத்தார்.

"ஏம்மா, உள்ள ஆள் இருக்காரா இல்லியா?"

"இருக்காருங்க. பாட்டு முடிஞ்சி வருவாரு."

அவர் முணுமுணுத்துக்கொண்டே டீக்கடைக்குப் போனார். முஜீப் வெளியே வந்ததும் நான் விஷயத்தைச் சொன்னேன். அவன் ஏஜென்ட்டைத் தேடவில்லை. திரும்ப உள்ளே ஓடி டேப்பைப் பின்னுக்குச் சுற்றிப் போட்டான். எல்லோரும் நெருங்கி நின்று கேட்டோம். அம்சவள்ளியின் குரல் மட்டுமே இருந்தது.

"அவரு உதைச்சது கூடவா விழல?" என்றாள் நாஜியா. கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"விழல நாஜியா."

"அப்ப போயி சொல்லிட்டு வாங்க."

"என்னான்னு?"

"அந்த விசாவ வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லி."

முஜீப் செருப்புகூடப் போடாமல் டீக்கடைக்கு ஓடினான்.