சிவப்பு நூல்

டண்டினொங் நகரில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் எங்கள் ஊர் அண்ணை ஒருவரும் இருந்தார். மெலிந்த மனிதர். எங்கே கதிரை போட்டாலும் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கவேண்டும் அவருக்கு. ஒரு வசந்தகாலத்தில், தீவுப் பண்ணையொன்றுக்குக் காட்டு வான்கோழி வேட்டைக்கு என்னையும் கூட்டிப்போனார்.

புறப்படுமுன் என் சொக்ஸைக்கூடப் பார்த்தார். "சிவப்பு, வெள்ளை, நீலம் கூடாது. அது வான்கோழிச் சேவலின்ரை தலை நிறம். வேறை வேட்டைக்காரர் தூரத்திலை கண்டால் சுட்டுப்போடுவாங்கள்." என் மணிக்கட்டில் சிவப்புக் கோயில் நூல். "கழட்டும் தம்பி."

"காவலுக்கு அம்மா கட்டினது. கழட்டேலாது அண்ணை." சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டேன்.

பெரிய மரமொன்றில் முதுகு சாய்த்து உட்கார்ந்தோம். காலையில் பெட்டைகள் முட்டையிடப் போனபின் சேவல் தனித்துவிடும், அப்போதுதான் கூப்பிட்டால் வரும் என்றார். சிறிய மரப்பெட்டியின் மூடியை உரசினார். பெட்டையின் குரல் அச்சொட்டாகக் கேட்டது. நுளம்பு கடித்தது, கையை உயர்த்தினேன், சட்டைக் கை சரிந்தது.

எதிர்ப் பற்றையிலிருந்து ஒரு துப்பாக்கி எங்களை நோக்கித் திரும்பியது. பெட்டையின் குரலுக்கு வந்தது இன்னொரு வேட்டைக்காரன். எழுந்து ஓடப்பார்த்தேன்.

"அசையாதையும்." என் நூலைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "குட் மோர்னிங் மேட்" என்று உரத்துச் சொன்னார். துப்பாக்கி தாழ்ந்தது.

"உங்கடை கையிலை வெடி பட்டிருந்தால் அண்ணை?"

"என்ரை கை சிவப்பில்லையே தம்பி. ஆர் சுடப்போறாங்கள்?"

அவர் குரலில் நடுக்கம் இருக்கவில்லை. வாகனத்தடிக்கு வரும்வரை என் மணிக்கட்டை விடாத அந்தக் கையில் இருந்தது.