ஹெர் வோல்ட்டர்ஸ் ஃபிராங்க் ஆன காலை

காலை 7.05. ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நிலையத்தில் இரண்டு யூரோ தொண்ணூறுக்கு வாங்கிய கோப்பியோடு எசன் போகும் ரயிலில் ஏறினேன். தூரம் சுமார் நூற்று முப்பது கிலோமீட்டர், பயணம் ஒன்றரை மணித்தியாலம். பைக்குள் வெள்ளை அட்டைகள்.

எசனில் ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில் ஒன்பதரைக்கு எனக்கு மாதிரி வகுப்பு. அதில் தேறினால் நிரந்தர வேலை. ஏற்கெனவே நான்கு பள்ளிகள் என்னைத் திருப்பி அனுப்பியிருந்தன. விண்ணப்பத்தில் கனடா என்று பார்த்துவிட்டு ஆவலாகக் கூப்பிடுவார்கள், நேரில் கண்டதும், "உண்மையில் எந்த நாடு?" என்று கேட்பார்கள். பன்னிரண்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோ போனவள் நான். என் ஆங்கிலத்தில் பிழை பிடிக்க முடியாதவர்கள் என் முகத்தில் பிடித்தார்கள். இதுவும் கைவிட்டால் இனி வகுப்பறைப் பக்கமே போவதில்லை என்று கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

7.20. கூட்டர்ஸ்லோவில் முன்பின் தெரியாத ஒரு தமிழ் அக்கா ஏறி எதிரே உட்கார்ந்தார். டோர்ட்மண்டில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலையாம். நான் அட்டைகளில் ஹென்றி, ஃபிராங்க், எம்மா என்று எழுதுவதை எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, ஆருக்குப் பேர் வைக்கிறீர்?"

இன்று படிக்க வருபவர்களுக்கு என்று காரணத்தோடு சொன்னேன். கொரியாவில் டேகு நகரத்துத் தனியார் பயிற்சிப் பள்ளி ஒன்றில் இரண்டு வருடம் படிப்பித்தேன். அங்கே முதல் வகுப்பில் முதல் வேலை, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆங்கிலப் பெயர் வைப்பது. கெவின், ஜெனி என்று வரிசையாக இருப்பார்கள். ஒருவன் 'பீட்சா' என்ற பெயர்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டான். தயாளினி என்ற என் பெயர் வாயில் நுழையவில்லை என்று நிர்வாகி எனக்கும் 'லில்லி டீச்சர்' என்று வைத்துவிட்டார். கதவிலும் அதுதான் எழுதியிருந்தது.

அக்கா தலையை ஆட்டினார். "இஞ்ச இது சரிவராது. எங்களை மேய்க்கிற ஷெஃபின் பதினெட்டு வருசமா என்னோட வேலை செய்யிறா. இண்டைக்கும் ஃப்ராவ் எண்டு மரியாதை வைச்சுக் குடும்பப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவா, ஆம்பிளையளை ஹெர் எண்டு. இவங்களின்ர பேரிலை கை வைக்காதேங்கோ."

நான் சிரித்துச் சமாளித்தேன். டோர்ட்மண்டில் இறங்கும்போது, "என்ன நடந்தது எண்டு சொல்லவேணும், சரியோ?" என்று தன் நம்பரைத் தந்துவிட்டுப் போனார்.

9.30. நிலையத்திலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. இரண்டாம் மாடி. வளர்ந்த மாணவர்கள் ஒன்பது பேர், எல்லாரும் ஒரே இயந்திரத் தொழிற்சாலைக்காரர். நிர்வாகி ஃப்ராவ் லேனர்ட் பின்வரிசையில் காகிதமும் பேனையுமாக அமர்ந்தார். பதட்டம் வந்தால் மூளை வேலை செய்யாது, பழக்கம்தான் வேலை செய்யும். என் கை தானாகவே அட்டைகளை மேசையில் பரப்பியது. "விருப்பமான பெயரை எடுங்கள்" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. ஐம்பது வயது மதிக்கத்தக்க, நெஞ்சுப் பையில் மடக்கு அளவுகோல் செருகியிருந்த ஒருவர் ஜெர்மனில் சொன்னார்: "எனக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. வோல்ட்டர்ஸ்."

அக்காவின் முகம் கண்முன்னே வந்து நின்றது. ஃப்ராவ் லேனர்ட்டின் பேனை ஏதோ எழுதியது. முடிந்தது கதை என்று நினைத்தேன். போகிற வேலை போகட்டும், உண்மையைச் சொல்லிவிட்டே போவோம் என்று ஒரு வீம்பு வந்தது.

"எனக்கும் இருந்தது, ஹெர் வோல்ட்டர்ஸ்" என்றேன். "கொரியாவில் கேட்காமலே மாற்றினார்கள். கோபம்தான். ஆனால் தயாளினிக்குக் கூட்டத்தில் வாய் திறக்க வெட்கம். லில்லி மேசையில் ஏறிப் பாடினாள், கொரிய மொழியைக் கொலை செய்தாள். பிழையெல்லாம் லில்லியின் கணக்கு. நான் மரியாதையாக வீட்டுக்குப் போனேன்."

வோல்ட்டர்ஸ் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை நீட்டி ஃபிராங்க் என்ற அட்டையை எடுத்தார்.

"பிழையெல்லாம் இவன் தலையில்?"

"எல்லாமே."

ஃபிராங்க் வாய் திறந்தார். ஆங்கிலமா அது! வினைச்சொற்கள் நொண்டின, காலங்கள் தலைகீழாக நின்றன. ஆனால் அழுத்த இயந்திரம் ஒன்று தன் மதியச் சாப்பாட்டை நசுக்கிய கதையைக் கடைசிவரை சொல்லி முடித்தார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மற்ற அட்டைகளும் கைமாறின, எம்மாவும் ஹென்றியும் அடுத்த கதைக்குச் சண்டை பிடித்தார்கள். தொண்ணூறு நிமிடம் போனதே தெரியவில்லை.

11.00. "நான்கு மாதமாக ஹெர் வோல்ட்டர்ஸ் 'குட் மார்னிங்' கூடச் சொன்னதில்லை" என்றார் ஃப்ராவ் லேனர்ட். "முதலாம் தேதி தொடங்குவீர்களா?" எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. "கதவில் பெயர்ப்பலகை போடவேண்டும். லில்லி என்றே போடுவோமா? சின்னதாக, அழகாக இருக்கிறது."

"தயாளினி சிவஞானசுந்தரம்" என்றேன்.

அவர் கதவிலிருந்த சின்னப் பலகையைப் பார்த்தார். "இவ்வளவும் கொள்ளாதே..."

ஜாக்கெட் மாட்டிக்கொண்டு நின்ற வோல்ட்டர்ஸ் குறுக்கிட்டார். "ஃபிராங்க் வகுப்புக்குள் மட்டும். வெளியில் நான் வோல்ட்டர்ஸ். அவருக்கும் அதே சட்டம்தான்." அளவுகோலை விரித்துக் கதவில் வைத்தார். "ஐம்பது சென்டிமீட்டர். பலகையை நான் வெட்டித் தருகிறேன்."

12.10. திரும்பும் ரயில். கொரியாவை விட்டு வந்த நாளில் லில்லியை அந்தக் கதவிலேயே விட்டு வந்தேன். அவளைக் கழற்றி எடுத்திருப்பார்கள், இன்னொருத்தியின் பெயரை ஒட்டியிருப்பார்கள். ஜன்னலோரம் இருந்து அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"பேர் வைச்சு மாட்டுப்பட்டீரோ?"

"ஓம் அக்கா, மாட்டுப்பட்டனான். வேலையும் கிடைச்சிட்டுது. கதவிலை என்ர பேர் போடீனம்."

"முழுப் பேருமோ?"

"ஓம் அக்கா. முழுப் பேரும்."