ஏற்றத்துக்கு ஒரு முகம்

ஹால்கிரிமின் கையால் அடி வாங்காத ஆள் குளோமா ஆற்றின் அந்தக் கரையில் குறைவுதான். பள்ளிக்கூடத்தில் ஒருவனுக்கு முன்பல் போயிற்று. பட்டாளத்தில் ஒருவனுக்குத் தாடை பெயர்ந்தது. கலியாணமாகி மூன்றாவது கிறிஸ்துமஸ் விருந்தில் மனைவி சுன்னிவாவின் தம்பி ஏதோ கிண்டலாகச் சொல்லிவிட்டான். மேசைமேல் பன்றி விலாக்கறி ஆறுவதற்குள் தரையில் மைத்துனன் இரண்டு விலா முறிந்து கிடந்தான். இந்தக் கோபம் எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் விளங்கவில்லை. அவனுடைய அப்பா தபால்காரர், நாயைக்கூட அதட்டத் தெரியாத மனிதர். ஹால்கிரிமுக்கே விளங்கவில்லை. முதலில் உள்ளங்கை வேர்க்கும். பிறகு காது அடைக்கும். காது திறக்கும்போது எதிரே இருந்தவன் கீழே கிடப்பான்.

முப்பத்தெட்டாவது வயதில் அவன் சமையலறைக் கதவைக் குத்தினான். காப்பித்தூள் தீர்ந்துபோனதை யாரும் சொல்லவில்லை என்பதுதான் காரணம். கதவில் சாய்ந்து சுன்னிவா நின்றிருந்தாள். முஷ்டி அவள் காதிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் பலகைக்குள் மணிக்கட்டு வரை இறங்கியது. அவள் தலைமுடியில் விழுந்த மரச்சிராய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

"அடுத்தது என் தலைதான். அதுக்கு முன்னாடி நான் கெளம்பறேன்" என்றாள். அன்றே அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டு அஸ்பியோர்ன் வந்தான். தேவாலயத்தில் கல்லறைக் குழி வெட்டுகிறவன். ஹால்கிரிமைவிட ஏழு வயது மூத்தவன், வாய்த்துடுக்கு அதிகம். கையில் ஒரு ஜோடி பழைய பனிச்சறுக்குப் பலகைகள்.

"டேய், கை அரிக்குதா? வா, அதுக்கு ஒரு வேலை தரேன்."

"எனக்கு வயசாயிடுச்சு. இதெல்லாம் சின்னப் பசங்களோட விளையாட்டு."

"வயசான கைதான் உன் பொண்டாட்டிய வெரட்டுச்சா? வாடா."

முதல் நாள் ஏழு கிலோமீட்டர். காட்டுத்தடத்தின் ஏற்றத்தில் மூன்று முறை வாந்தி எடுத்தான். வீட்டுக்கு வந்து காப்பிக் கோப்பையைத் தூக்கப் பார்த்தால் விரல் மூடவில்லை. இரண்டு மணி நேரம் கோலை ஊன்றி உந்திய கை, முஷ்டி பிடிக்க மறுத்தது. அவன் அந்த விரல்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் அவனே போய் அஸ்பியோர்ன் வீட்டுக் கதவைத் தட்டினான். நான்காவது வாரம் சுன்னிவா திரும்பி வந்தாள்.

அப்படியே பத்து வருடம் ஓடிற்று. டயர் கடை வேலை முடிந்ததும் காடு. பனி உள்ள மாதங்களில் பலகை, பனியில்லாத மாதங்களில் தார்ச்சாலையில் சக்கரம் வைத்த குட்டைப் பலகை. நாற்பதைத் தாண்டிய உடம்பு சும்மா வருமா? முழங்கால் வீங்கும், இடுப்பு பிடித்துக்கொள்ளும், பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரியில் காலுறை மாட்டக் குனிகிறபோதே போர்வைக்குள் திரும்பிவிடலாம் என்று தோன்றும். அதற்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு முகம். முதல் மேட்டுக்கு டயர் கடை மேலாளர். இரண்டாவதற்கு மைத்துனன். சதுப்பு நிலத்தைத் தாண்டி வருகிற நீண்ட ஏற்றத்துக்கு, பட்டாளத்தில் அவனைக் கோமாளி என்று கூப்பிட்ட சார்ஜென்ட். அந்த முகத்தை நினைத்துக் கோலைக் குத்துவான். ஒவ்வொரு குத்தும் மூக்கில், வாயில், கழுத்தில். உச்சிக்குப் போகும்போது ஆள் செத்திருப்பான், இவன் சிரித்துக்கொண்டிருப்பான்.

அஸ்பியோர்னுக்கு இது தெரியும். "இன்னிக்கி யாருடா?" என்று கேட்பான். "கொஞ்சம் மெதுவாக் கொல்லுடா, என்னால பின்னாடி வர முடியல."

மார்ச் மாதத்தில் மலை தாண்டும் பந்தயம். முதுகில் மூன்றரைக் கிலோ மூட்டையோடு ஐம்பத்து நான்கு கிலோமீட்டர். அவரவர் வயதுக்குக் குறித்த நேரத்துக்குள் முடித்தால் ஒரு பதக்கம். நாற்பத்தேழாம் வயதில் ஹால்கிரிம் அதை நான்கு நிமிடத்தில் தவறவிட்டான். அடுத்த வருடம் விடுவதில்லை என்று அன்றைக்கே வீராப்பாகச் சொல்லிவிட்டான். அதற்குப் புது முகம் ஒன்று தேவைப்பட்டது. பழைய முகங்கள் தேய்ந்துவிட்டன. மைத்துனனோடு சமாதானமாகிவிட்டது, சார்ஜென்ட் நிஜமாகவே செத்துப்போனான்.

ஜூலையில் அந்த முகம் காரில் வந்தது.

ஆற்றோரச் சாலையில் அவன் சக்கரப் பலகையில் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது. பக்கத்தில் வந்ததும் கண்ணாடி இறங்கியது. ட்ரூல்ஸ். முப்பத்தொரு வயது, மண்வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறவன்.

"யோவ் கிழவா, பனி விழட்டும், அப்புறம் ஆடு! இது உங்கப்பன் ரோடா?"

பாதி குடித்த பீர் டப்பா ஒன்று ஹால்கிரிமின் முதுகில் வந்து மோதியது. இரண்டு வாரம் கழித்து அதே கார் உரசிக்கொண்டு வந்து அவனைச் சாலையோரப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போனது. முழங்கையிலிருந்து தோள்வரை தோல் உரிந்து கல்லும் மண்ணும் அப்பியிருந்தன. சுன்னிவா சாமணத்தால் கற்களை எடுத்தபடி, "போலீசுக்குச் சொல்லு" என்றாள்.

"தடுக்கி விழுந்தேன்" என்றான் அவன்.

அவன் சொல்லாததற்குக் காரணம் பயம் இல்லை, சந்தோஷம். ஒரு கோடைக்குப் போதுமான முகம் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து எல்லா ஏற்றத்துக்கும் ட்ரூல்ஸ்தான். நேரம் ஒவ்வொரு வாரமும் குறைந்தது. நாற்பத்தெட்டு வயதில் முப்பது வயதுக்காரனைப் போல ஏறினான். அஸ்பியோர்ன் மட்டும் ஒருநாள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இது நல்லதுக்கில்லடா. இந்த ஆளு உசிரோட இருக்கான், இதே ரோட்டுல வரான்" என்றான்.

ஆகஸ்ட் கடைசியில், பாலத்துக்குப் பக்கத்தில், கார் குறுக்கே வந்து நின்றது. ட்ரூல்ஸ் இறங்கினான்.

"எத்தன தடவ சொல்றது? பொம்பள மாதிரி இறுக்கமா சட்ட போட்டுக்கிட்டு..." நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். சக்கரம் பின்னால் ஓடியது. ஹால்கிரிம் விழாமல் கோலை ஊன்றினான். ட்ரூல்ஸ் அந்தக் கோலைப் பிடித்து இழுத்தான்.

உள்ளங்கை வேர்த்தது. காது அடைத்தது.

காது திறந்தபோது மற்றொரு கோலின் நுனியிலிருந்த இரும்பு முள் ட்ரூல்ஸின் இடது கண்ணுக்குள் இருந்தது. ஹால்கிரிம் அதை வெளியே இழுத்தான். ரத்தமும் வேறு ஏதோ ஒன்றும் கன்னத்தில் வழிந்தன. ட்ரூல்ஸ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தாரில் உருண்டான். ஹால்கிரிமின் கை மறுபடி ஓங்கியிருந்தது. இரண்டாவது குத்துக்கு இடம்கூடப் பார்த்துவிட்டான், கழுத்து. அப்போது ட்ரூல்ஸ், "அம்மா, அம்மா" என்று கத்தினான். குழந்தைக் குரல். ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஹால்கிரிம் நின்றான். சக்கரம் வழுக்கி முழங்காலில் விழுந்தான்.

சட்டையைக் கழற்றி அந்தக் கண்ணில் அழுத்தினான். பலகைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு ட்ரூல்ஸைப் பின் இருக்கையில் கிடத்தி, அவனுடைய காரையே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். சறுக்குக் காலணி மிதியில் நிற்கவில்லை. இரண்டு முறை மரத்தில் மோதப் பார்த்தான். "பேசு, தூங்காத, பேசு" என்று வழியெல்லாம் கத்தினான். ட்ரூல்ஸ் பேசவில்லை.

கண் போயிற்று. காரால் தள்ளிவிட்டதற்கு ட்ரூல்ஸின் ஓட்டுநர் உரிமத்தைச் சில மாதம் பறித்தார்கள். ஹால்கிரிமுக்கு ஓராண்டுச் சிறை. எட்டு மாதத்தில் விடுவார்கள் என்றார்கள். நீதிமன்றத்தில் ட்ரூல்ஸின் தாய் அவன்மேல் காறித் துப்பினாள். அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

சிறையில் அவனுக்கு 'குத்தூசி' என்று பெயர் வைத்தார்கள். குளிக்கும் இடத்தில் ஒருவன், "குத்தூசி, எங்க, என்னக் குத்து பாப்போம்" என்று சொல்லி வயிற்றில் முழங்காலால் இடித்தான். ஹால்கிரிம் சுருண்டு விழுந்து கிடந்தான். கை எழவில்லை. உள்ளங்கைகூட வேர்க்கவில்லை. ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டை கட்டிக் கோலூன்றுகிற மாதிரி இழுத்துப் பார்த்தான். ஏற்றத்தைக் கற்பனை செய்து ஒரு முகத்தைத் தேடினான். எந்த முகத்தை நினைத்தாலும் அதில் ஒரு கண் வழிந்துகொண்டிருந்தது. பட்டையை அவிழ்த்து மெத்தைக்கு அடியில் போட்டுவிட்டான். பிறகு எடுக்கவே இல்லை.

அடுத்த வருடம் அக்டோபரில் வெளியே வந்தபோது வயது நாற்பத்தொன்பது, எடை பதினொரு கிலோ கூடுதல். வேலைக்குப் போனான், வந்தான், நாற்காலியில் உட்கார்ந்தான். அஸ்பியோர்ன் தினம் விடியற்காலையில் வந்து கதவை உதைத்தான்.

"எழுந்திரிடா சோம்பேறி! நான் வெட்டற குழியில ஒண்ண உனக்குன்னு அளவெடுத்து வைக்கவா?"

"எதுக்குப் போகணும்?"

"எதுக்கா? பத்து வருஷமா எதுக்குப் போன?"

"அது இப்ப இல்ல" என்றான் ஹால்கிரிம். "கோவந்தான் என்னத் தூக்கிட்டுப் போச்சு. அது இல்லாம காலே நகரல."

அவன் கோபம் போய்விட்டதென்று சுன்னிவா நம்பவில்லை. பயிற்சிக்குப் போகாத ஹால்கிரிம் எப்படிப்பட்டவன் என்று அவளுக்குத் தெரியும். அவன் காப்பிக் கோப்பையைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாலும் அவள் ஓரடி தள்ளி நின்றாள். அவன் அதைக் கவனித்தான்.

நவம்பரில் முதல் பனி விழுந்த சனிக்கிழமை ட்ரூல்ஸ் வந்தான். ஹால்கிரிம் முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான், அஸ்பியோர்ன் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். ட்ரூல்ஸின் இடது பக்கத்தில் கண்ணாடியால் செய்த பொய்க்கண், அசையாமல் வேறெங்கோ பார்த்தது.

"அடிக்கத்தான் வந்திருக்கேன்" என்றான் ட்ரூல்ஸ். "ஜெயிலு கணக்கெல்லாம் கோர்ட்டோட. இது எனக்கும் உனக்கும்."

"போடா இங்கேருந்து!" என்று அஸ்பியோர்ன் ஒரு விறகுக் கட்டையோடு முன்னால் வந்தான்.

"நீ நில்லு" என்றான் ஹால்கிரிம். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கைகளைத் தொங்கவிட்டு நின்றான்.

ட்ரூல்ஸ் முழு பலத்தோடு குத்தினான். குத்து ஹால்கிரிமின் முகத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே காற்றில் போயிற்று. ட்ரூல்ஸ் தடுமாறி விறகின்மேல் கைவைத்து நின்றான். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் தெரியவில்லை. மறுபடி குத்தினான். அதுவும் எட்டவில்லை. மண்வெட்டும் இயந்திரம் ஓட்டுவதை அவன் விட்டுவிட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். ஏன் என்பது ஹால்கிரிமுக்கு அப்போதுதான் புரிந்தது. நல்ல கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

ஹால்கிரிம் ஓரடி முன்னால் வந்து நின்றான். "இப்ப அடி" என்றான்.

மூக்கு உடைந்த சத்தம் அஸ்பியோர்னுக்குக் கேட்டது. அடுத்தது வாயில், இரண்டு பல். மூன்றாவதில் ஹால்கிரிம் மல்லாந்தான். பனி சிவந்தது. ட்ரூல்ஸ் அவன்மேல் ஏறி உட்கார்ந்து, இப்போது தூரம் தப்பாமல், மாற்றி மாற்றிக் குத்தினான். சுன்னிவா பனி வாரும் மண்வெட்டியோடு ஓடிவந்து ட்ரூல்ஸின் முதுகில் இரண்டு கையாலும் ஓங்கி ஒரு போடு போட்டாள். அவன் பக்கவாட்டில் சரிந்தான்.

"போதும்!" என்று கத்தினாள். "போதும், போதும், ரெண்டு பேருக்கும் போதும்!"

மூன்று பேரும் மூச்சு வாங்கினார்கள். ட்ரூல்ஸ் எழுந்து உடம்பிலிருந்த பனியைத் தட்டிவிட்டான். கை முட்டிகளைப் பார்த்தான். "இது போதாது" என்றான். "ஆனா வேற என்ன செய்யறதுன்னு தெரியல." காருக்குப் போய், கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பிப் போனான். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

ஹால்கிரிமின் தலையை மடியில் வைத்துப் பனியை உருட்டி மூக்கில் அழுத்தியபோது சுன்னிவா கேட்டாள்: "ஏன் கையத் தூக்கல?"

"வரல" என்றான் அவன், வாயெல்லாம் ரத்தமாக. "வரலன்னு உனக்குக் காட்டணும்னு இருந்துது. எப்படிக் காட்டறதுன்னு தெரியல."

பத்து நாள் கழித்து, மூக்கில் கட்டோடு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு அவன் தடத்துக்குப் போனான். முதல் ஏற்றத்தில் வழக்கம்போல மனம் ஒரு முகத்தைத் தேடியது. ஒன்றும் வரவில்லை. பாதியில் நின்றுவிட்டான். அஸ்பியோர்ன் திரும்பி வந்து, "யாரும் இல்லியா? என்னயே நெனச்சுக்கோ. எனக்கு ஏழு வயசு கூட, மூக்கும் பெருசு" என்றான். ஹால்கிரிம் சிரித்தான், மூக்கு வலித்தது. பலகையைக் குறுக்கே வைத்து ஏணிப்படி ஏறுவதுபோல ஒவ்வோர் அடியாக ஏறினான். உச்சிக்குப் போக முன்பைப்போல மூன்று மடங்கு நேரம். மறுநாளும் போனான். அதற்கு மறுநாள் போகவில்லை. அடுத்த நாள் அஸ்பியோர்ன் கதவை உதைக்கும் முன்பே காலணி மாட்டியிருந்தான். சந்தோஷமாகப் போனான் என்று சொல்ல முடியாது. பாதி நாட்கள் திட்டிக்கொண்டேதான் போனான். ஆனால் அவன் வியர்த்து வந்து உட்கார்ந்தால் சுன்னிவா பக்கத்திலேயே நின்று பழுப்புப் பாலாடைக்கட்டி சீவினாள். அந்த ஓரடி இடைவெளி குளிர்காலம் முடிவதற்குள் இல்லாமல் போயிற்று.

மார்ச் பந்தயத்தில் அவன் ஓடினான். முதல் ஏற்றத்தின் நெரிசலில் ஒருவன் அவன் கோலை மிதித்து ஒடித்துவிட்டு, "வழியில நிக்காத, பெருசு" என்று கத்தினான். ஹால்கிரிமின் உள்ளங்கை வேர்த்தது. அவன் அந்தப் பையனின் கழுத்துப்பட்டியைப் பிடித்து முறுக்கினான். பையன் முகம் வெளுத்தது. காது அடைக்கும் முன்பே ஹால்கிரிம் விரல்களைப் பிரித்துவிட்டான். ஒற்றைக் கோலோடு ஒன்பது கிலோமீட்டர் போய், பந்தயக்காரர்களுக்கு நீலப்பழக் கஞ்சி கொடுக்கிற இடத்தில் வேறொரு கோல் வாங்கிக்கொண்டான். பதக்க நேரத்தை ஐம்பத்தொரு நிமிடத்தில் தவறவிட்டான். அவன் ஓடியதிலேயே மோசமான ஓட்டம் அதுதான்.

முடிவுக்கோட்டில் சுன்னிவா போர்வையோடு நின்றாள்.

"யாரையாவது அடிச்சியா?"

"ஒருத்தன் சட்டையப் புடிச்சேன்."

"அப்புறம்?"

"விட்டுட்டேன்."

அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போர்வையை அவன் தோளில் போட்டு, "நடுங்குற. வண்டில ஏறு" என்றாள்.