மார்ச் ஏழா, ஜூலை மூன்றா?

ஷாஹிஸ்தா முள்ளுக்குறிச்சி மளிகைக்கடை அப்பாஸ் அலியின் மகள். ராசிபுரத்தில் கம்ப்யூட்டர் படித்தவள். 2001இல் கொல்லிமலை செம்மேட்டில் ஒரு தாய்சேய் நலத் தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. வார நாட்களில் அங்கே சுகாதாரப் பணியாளர் அத்தாயியின் வீட்டிலேயே தங்கிக்கொண்டாள்.

மலையிலுள்ள கர்ப்பிணிகளில் யாருக்கு எப்போது பிரசவம் என்று மாதாமாதம் பட்டியல் எடுக்க வேண்டும். கடைசியாக மாதவிலக்கான தேதியோடு இருநூற்று எண்பது நாளைக் கூட்டச் சொல்லி அவளே கணினிக்கு எஸ்க்யூஎல் என்ற மொழியில் ஒரு கட்டளை வரி எழுதியிருந்தாள். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள், மலையிலேயே இருக்கும் வளப்பூர் நாட்டுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய அத்தாயி நேராக அலுவலகத்துக்கு வந்தாள்.

"ஏங்கண்ணு, பொன்னாயிக்கு ஏப்ரல்னு போட்டிருக்குதே? அவ நெறமாசமா நிக்கிறா. இன்னும் பத்து நாளு தாங்குனாப் பெருசு!"

"நாங் கூட்டலீங்கக்கா, கம்ப்யூட்டர் கூட்டுனது" என்றாள் ஷாஹிஸ்தா, முகம் சுருங்கி.

"அப்ப அதுக்குத்தான் கணக்குத் தெரியல."

ஷாஹிஸ்தா கர்ப்பிணிகளின் பேரேட்டை எடுத்துப் பார்த்தாள். பொன்னாயிக்குக் கடைசியாக மாதவிலக்கானது 07/03/2001. காலண்டரில் விரல் வைத்து எண்ணினால் டிசம்பர் பன்னிரண்டு வந்தது. ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டாள். பத்தொன்பது, இருபத்தைந்து என்ற தேதிகள் சரியாகவே இருந்தன. பன்னிரண்டுக்குள் இருந்தவைதான் மாறியிருந்தன. அப்போதுதான் பிடிபட்டது: கணினி மாதத்தை முதலில் படிக்கிறது. மார்ச் ஏழு அதற்கு ஜூலை மூன்று. பத்தொன்பதாவது மாதம் கிடையாதென்பதால் அந்தத் தேதிகளை மட்டும் தானே திருப்பிக்கொண்டது. பாதி சரியாக இருந்ததால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மாதத்தின் பெயரை எழுத்தில் கொடுத்து வரியைத் திருத்தினாள். பதினோரு பெண்களின் தேதி மாறியது; நான்கு பேருக்கு அந்த மாதமே பிரசவம்.

மறுநாள் காலையில் அத்தாயியோடு நிறுவன ஜீப்பில் அவளும் போனாள். பொன்னாயியைச் சோதித்தபோது குழந்தை குறுக்கே கிடந்தது. நாமக்கல்லுக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்தார்கள். பெண் குழந்தை. துணியில் சுற்றி முதலில் ஷாஹிஸ்தாவின் கையில்தான் கொடுத்தாள் அத்தாயி. "பாத்துக்க சாமி, ஏப்ரல்ல பொறக்க வேண்டியவ" என்று சிரித்தாள். ஷாஹிஸ்தாவுக்கு அழுகைதான் வந்தது.

ஆறு வருடம் கழித்து நிறுவனத்தின் மலைத் திட்டம் முடிந்தது. திருமணமாகிச் சேலத்தில் குடியேறினாள். இப்போதும் மழை நாட்களில் அத்தாயி வீட்டு அடுப்படி நினைவுக்கு வரும். ஈரத் துணியெல்லாம் அடுப்புக்கு மேலேதான் காயும். அந்த நாட்களில் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனால், "உன் மேல பூராப் பொகை வாடை, போய்க் குளி" என்று அம்மா ஜுலைகா பீவி விரட்டுவாள். ஷாஹிஸ்தாவோ இன்னும் கொஞ்ச நேரம் அந்த வாடையேறிய துப்பட்டாவோடேயே உட்கார்ந்திருப்பாள்.