அமலம்மாளின் அரிசிக் கோலம்

மலேசிய ஜார்ஜ்டவுனில் அந்த அரசாங்க அலுவலகத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர். தமிழர் என்று பார்த்தால் அமலம்மாள் ஒருத்திதான். வாசல் காவலாளி ராமதாஸையும் சேர்க்கலாம் என்றால், அவர் வெளி நிறுவனம் அனுப்பிய குத்தகை ஆள், கணக்கில் வரமாட்டார்.

ஒருத்தியாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. யாரைக் கூப்பிடுவது என்று மேலிடம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ‘ஒற்றுமை வாரம்’ வந்ததும் அவளைச் சேலை கட்டி வரச் சொல்வார்கள். கூடத்தில் வண்ண அரிசிக் கோலம் போடச் சொல்வார்கள். தான் கத்தோலிக்கப் பெண், வீட்டில் கிறிஸ்துமஸ் குடில்தான் வைப்பது என்று முதல் வருஷம் சொல்லிப் பார்த்தாள். “இந்தியர்தானே, பரவாயில்லை” என்று சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் கெலுகோர் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுத் தனலெட்சுமியிடம் கற்றுக்கொண்டாள். பதினெட்டு வருஷத்தில் கோலம் பெரிதாகிக்கொண்டே போனது. அவள் மட்டும் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த அதே கிராணி, அதே எழுத்தர் மேசை. அவளிடம் வேலை பழகிய மூன்று பேர் அவளுக்கே மேலதிகாரி ஆகிவிட்டார்கள்.

போன வருஷம் பதவி உயர்வுக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் அவளுக்கும் வந்தது. வயது ஐம்பத்தெட்டு, அறுபதில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. வியாழன் காலை பத்து மணி, நான்காம் மாடி. கோலமும் அதே வியாழன்தான்.

இயக்குநர் அம்மையார், மலாயில் ‘புவான்’ சல்மா, நல்லவர், அதைச் சொல்லியாக வேண்டும். “கவலைப்படாதீங்க அக்கா, கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடச் சொல்லி மேலே சொல்லிவைக்கிறேன். படம் எடுத்ததும் போயிடுங்க” என்று மலாயில் சொன்னார். சொன்னபோது மனதாரத்தான் சொன்னார்.

ஒன்பதே முக்காலுக்குக் கோலம் முடிந்தது. படம் எடுப்பவரைக் காணோம். ராமதாஸ் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அக்கா, மணி பத்தாகப் போவுது. மேல ஓடுங்க லா.”

“புவான் சொல்லியிருக்காங்க தம்பி. நான் போயிட்டா படத்துல யாரு நிப்பா? நீ சேலை கட்டிக்கிட்டு நிப்பியா?”

வேலைக்குச் சேர்ந்த இருபத்தொன்பது வருஷத்தில் மேலிடம் சொன்னதை அவள் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை. அதுதான் தன் பலம் என்று நம்பியிருந்தாள், பாவி மனுஷி.

படம் எடுப்பவர் பத்தே காலுக்கு வந்தார். சிரிக்கச் சொன்னார், சிரித்தாள். இன்னும் நாலு படம் என்றார், நின்றாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் மாடி ஏறியபோது பத்தே முக்கால். தேர்வுக் குழுவின் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே யாரும் எதையும் சொல்லிவைக்கவில்லை. புவான் சல்மா மறந்துவிட்டார்.

அலுவலகக் கடிதங்களுக்கு முத்திரை குத்துவது அமலம்மாளின் வேலை. ‘நேர்முகத் தேர்வுக்கு வரவில்லை’ என்று தன் பெயருக்கு வந்த கடிதத்துக்கும் அவளே முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

மேல்முறையீடு எழுதினாள். சாட்சிக்கு எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. அன்று எடுத்த படம் கூடத்திலேயே ஆளுயரத்துக்குத் தொங்கியது. கோலத்துக்குப் பின்னால் சேலையில் அமலம்மாள், தலைக்கு மேல் ‘அனைவருக்கும் சமவாய்ப்பு’ என்று கொட்டை எழுத்து, பின்சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து இருபது. அதைக் கைப்பேசியில் எடுத்து இணைத்தாள். புவான் சல்மா அதற்குள் புத்ராஜெயாவுக்கு மாற்றலாகியிருந்தார். மன்னிப்புக் கேட்டு, அழுகிற முகப் பொம்மையோடு ஒரு செய்தி அனுப்பினார். வெறும் மன்னிப்பை எந்தக் குழுவிடம் காட்டுவது?

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒற்றுமை வார நிகழ்ச்சிகளில் பங்கேற்பது ஊழியரின் சொந்த விருப்பம்; ஆகவே முறையீடு நிராகரிக்கப்படுகிறது.

“சொந்த விருப்பமாம் தம்பி” என்று ராமதாஸிடம் கடிதத்தை நீட்டினாள். அவர் படித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். ராமதாஸ் தன் நாற்காலியை நகர்த்திப் போட்டு அவளை உட்கார வைத்தார்.

போன திங்கட்கிழமை இந்த வருஷத்துச் சுற்றறிக்கை மேசைக்கு வந்தது. விருப்பமுள்ளோர் பட்டியல். வண்ண அரிசிக் கோலம் என்ற வரிக்கு எதிரே அவள் பெயரை முன்னதாகவே தட்டச்சு செய்திருந்தார்கள். கையெழுத்துதான் பாக்கி. அடுத்த வருஷம் ஓய்வு. மறுத்துத்தான் என்ன ஆகப்போகிறது?

கையெழுத்துப் போட்டாள். பட்டியலுக்கு முத்திரை குத்தினாள். பிறகு தனலெட்சுமிக்குப் போன் போட்டு, போன வருஷத்துப் பச்சைச் சாயம் போட்ட அரிசி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள்.