தானாக விழுந்தது

மலர்க்கொடி வக்கீல் இல்லை. இது வக்கீல்களுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். வலங்கைமானுக்குத் தெற்கே இருக்கும் அவளுடைய ஊருக்கு மட்டும் தெரியாது. ஊர் அவளை வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுகிறது. முதலில் மறுத்துப் பார்த்தாள். பிறகு கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள். கழுத்து அட்டையில் இருப்பது 'சட்ட உதவி மையத் தன்னார்வலர்' என்பது. மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தருவாள், எந்த அலுவலகத்தின் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று சொல்லுவாள், மாதத்துக்கு இரண்டு பள்ளிக்கூடங்களில் சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசுவாள்.

பேச்சு நன்றாகவே இருக்கும். பள்ளிக்கூடத்து வாசலுக்கு நூறடி முன்னால் வண்டியை நிறுத்தி, தலையில் வைத்த பூவை எடுத்துப் பையில் போட்டுவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போவாள். பதினெட்டு வயதுக்கு முன்னால் ஸ்கூட்டியைத் தொட்டால் அப்பா அம்மாதான் உள்ளே போக வேண்டும் என்பாள். அதே நாள் சாயங்காலம் அவள் மகள் கலைமகள், பத்தாம் வகுப்பு, பதினைந்து வயது, அம்மாவின் இன்னொரு ஸ்கூட்டியில் டியூஷனுக்குப் போய்க்கொண்டிருப்பாள். டியூஷன் நாலு கிலோமீட்டர்; அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது; வருவதோ பொதுத்தேர்வு. சட்டத்தில் விதிவிலக்கு இல்லை என்பதை மலர்க்கொடியைப் போல அறிந்தவர்கள் குறைவு. ஆனால் விதிவிலக்கு என்பது வீட்டுக்குள்தானே பிறக்கிறது.

பேச்சின் கடைசியில் பெற்றோர்களைப் பார்த்து ஒன்று சொல்லுவாள். "அடிபட்ட பிள்ளையைக் கொண்டுபோனதும் டாக்டர் கேக்குற முதல் கேள்வி, எப்படி அடிபட்டுச்சுன்னு. அங்க பொய் சொல்லிடாதீங்க. நீங்க சொல்றதை அவங்க ரிஜிஸ்டர்ல எழுதுவாங்க. அப்புறம் எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் முதல்ல அந்த வரியத்தான் படிப்பாங்க."

இதை அவள் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இந்தப் பக்கத்தில் மோதுகிறவன் பெரும்பாலும் பங்காளியாக இருப்பான், இல்லாவிட்டால் அடுத்த வயல்காரனாக இருப்பான். நாளைக்கு அவன் மடை வழியாகத்தான் நமக்குத் தண்ணீர் வர வேண்டும். அவன்மேல் போலீஸ் கேஸ் வரக்கூடாது என்று, அடிபட்ட பிள்ளையின் தாயே, 'தானா விழுந்துட்டான்' என்று சொல்லிவிடுவாள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டை நம்புவதாக இருந்தால், டெல்டாவின் பிள்ளைகள் எல்லாரும் தாமாகவே விழுகிற பழக்கம் உள்ளவர்கள்.

மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். சம்பா அறுவடை முடிந்து ஊர் நெல் முழுவதும் தார்ச்சாலையில் காய்ந்துகொண்டிருந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்பினால் வேறு எங்கே காயவைப்பது? சாலையில் பாதி நெல்லுக்கு, மீதி மனிதர்களுக்கு. நெல்லின் விளிம்பில் வரிசையாகக் கருங்கல். மலர்க்கொடியின் வீட்டு நெல்லும் அதில் இருந்தது. கற்களை அடுக்கியவர் அவள் கணவர் அண்ணாதுரை. சாலையில் கல் வைப்பது குற்றம் என்று அவள் அவரிடம் சொல்லியிருக்கிறாள். "அப்ப நீயே தலையில வச்சுக் காய வையி" என்று அவரும் சொல்லியிருக்கிறார்.

கலைமகள் டியூஷன் முடிந்து வந்துகொண்டிருந்தாள். எதிரே சைக்கிளில் சுடர்விழி. ஒன்பது வயது, அண்ணாதுரையின் தம்பி மகள். தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார்; அவர் மனைவி அம்சம் குழந்தையோடு அடுத்த வீட்டில் இருக்கிறாள். மீதமிருந்த பாதிச் சாலை ஒரு வண்டிக்குத்தான் போதும். இரண்டு பேரில் யாராவது ஒருத்தி, கற்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் புகுந்து நெல்மேல் ஏற்றியிருந்தால், நாலு மரக்கால் நெல் சிதறியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் நெல்லைக் காலால்கூட மிதிக்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்கள் அவர்கள். இரண்டு பேருமே நெல்லில் ஏறாமல் ஒதுங்கினார்கள். ஸ்கூட்டி சைக்கிளைத் தள்ளியது. சுடர்விழி கருங்கல்மேல் விழுந்தாள். அவள் முழங்கால்மேல் ஸ்கூட்டி விழுந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அம்சமும் மலர்க்கொடியும். பணியில் இருந்தவர் டாக்டர் ஷமீரா, இளவயது. பேனாவை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"எப்படி அடிபட்டுச்சு?"

மலர்க்கொடி வாயைத் திறந்தாள். அதற்குள் அம்சம் முந்திக்கொண்டாள். "சைக்கிள்லேருந்து தானா விழுந்துட்டா டாக்டரம்மா."

டாக்டர் முழங்காலைப் பார்த்தார். பிறகு மலர்க்கொடியைப் பார்த்தார். "நீங்க யாரு?"

"பெரியம்மா."

"சைக்கிள்லேருந்து விழுந்தா இப்படி நசுங்காதே. நீங்க சொல்லுங்க. வண்டி எதாவது மோதுச்சா?"

அம்சம் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். கெஞ்சலா, ஆறுதலா என்று தெரியாத அழுத்தம். எத்தனையோ பள்ளிக்கூடங்களில் மைக் பிடித்துச் சொன்ன பதில் மலர்க்கொடிக்கு மனப்பாடமாக இருந்தது. அதைச் சொன்னால் மகள் சிறார் நீதி வாரியத்தின் முன்னால் போய் நிற்க வேண்டும். இருபத்தைந்து வயது வரை அவளுக்கு லைசென்ஸ் கிடையாது. வண்டி மலர்க்கொடியின் பெயரில் இருக்கிறது.

"இல்லீங்க. தானாத்தான் விழுந்தா," என்றாள்.

டாக்டர் எழுதினார். சொன்னவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

எக்ஸ்ரே வந்த பிறகு, எலும்பு டாக்டர் அம்சத்தை உட்காரச் சொல்லிப் பேசினார். முறிவு பெரிதில்லை, முறிந்த இடம்தான் சரியில்லை என்றார். முழங்காலுக்கு மேலே எலும்பு வளர்கிற இடம் அது. ஒருவேளை அந்தக் காலின் வளர்ச்சி அதோடு நின்றுவிடலாம். மற்றக் கால் தன்பாட்டில் வளரும். "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. பார்த்துக்கிட்டே இருக்கணும்."

பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு மாதத்தில் கட்டைப் பிரித்தார்கள். சித்திரையில் சுடர்விழி நடந்தாள், ஊர் சந்தோஷப்பட்டது. வைகாசியில், அவள் நிற்கும்போது பாவாடையின் ஒரு பக்கம் தரையைத் தொடுவதை அம்சம் கவனித்தாள். இழுத்துச் சரிசெய்தாள். ஆனியில் மறுபடியும் தொட்டது. கலைமகள் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். ஆனால் ஸ்கூட்டியை அதற்குப் பிறகு தொடவேயில்லை. அவள் தினமும் சித்தி வீட்டுக்குப் போய்ச் சுடர்விழிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் அம்சம் வந்து, மலர்க்கொடியின் அடுப்படி வாசலில் நின்றாள்.

"அக்கா, நேத்து டாக்டர்கிட்டப் போயிருந்தேன். இப்பவே குறையுதாம். இன்னும் குறையுமாம். ரெண்டு மூணு ஆபரேஷன் ஆகலாம்ங்கிறாரு."

மலர்க்கொடி அடுப்பைத் தணித்தாள்.

"விபத்துக் கேஸ் போட ஆறு மாசம்தான் கெடுவுன்னு நீ பள்ளிக்கூடத்துல பேசுனியே. நாள் இருக்கா?"

நாள் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்சம் நம்பியிருப்பாள். சட்டத்தில் ஊருக்கு இருக்கிற ஒரே ஆதாரம் மலர்க்கொடியின் வாய்தான்.

"இருக்கு," என்றாள் மலர்க்கொடி. "பதின்மூணு நாள் இருக்கு."

அம்சம் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். கேஸ் போடுவதா வேண்டாமா என்று மறுநாளும் சொல்லவில்லை. வழக்கம்போலக் கீரை கொடுத்தனுப்பினாள், தயிருக்கு உறை வாங்கிக்கொண்டு போனாள். தண்டனை சொல்லாமல் ஒத்திவைக்கிற நீதிபதிகளை மலர்க்கொடி பார்த்திருக்கிறாள். யாரும் இவ்வளவு நிதானமாக ஒத்திவைத்ததில்லை. அண்ணாதுரை மட்டும், "தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன், நீ சும்மா இரு" என்றார். அவள் சும்மாத்தான் இருந்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் அம்சம் வந்தாள். நல்ல புடவை, கையில் எக்ஸ்ரே உறை, பக்கத்தில் சுடர்விழி.

"ஒன்பது மணி பஸ்ஸு. நீயும் வாறியா, நான் மட்டும் போகவா?"

சட்ட உதவி மையத்தில் மலர்க்கொடி பழக்கத்தில் மேசைக்கு உள்பக்கம் போய் உட்கார்ந்து, மனுத்தாளை எடுத்தாள். மனுதாரர் சுடர்விழி, வயது ஒன்பது, தாயார் மூலம். எதிர்மனுதாரர், வாகன உரிமையாளர் என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு தன் பெயரைத் தன் கையால், தகப்பனார் பெயர் கணவர் பெயர் எல்லாம் சேர்த்து, சுத்தமாக எழுதினாள்.

மைய வக்கீல் ஜெக்கரியா, பெரியவர், தாளை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுந்திரிங்கம்மா. அந்தப் பக்கம் போய் உட்காருங்க. இனிமே நீங்க இந்தப் பக்கம் இல்லை."

போய் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டு நகலை அம்சம் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். முன்பே வாங்கி வைத்திருக்கிறாள். ஜெக்கரியா அதை இரண்டு முறை படித்தார்.

"'தானாக விழுந்ததாகப் பெரியம்மா மலர்க்கொடி தெரிவித்தார்.' இன்சூரன்ஸ் வக்கீல் இதைத்தான் முதல்ல நீட்டுவான். அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யான்னு கேப்பான். பணத்துக்காக மாத்திச் சொல்றீங்கம்பான். என்ன சொல்லுவீங்க?"

"அன்னைக்குச் சொன்னதுதான் பொய்."

"ஜட்ஜ் நம்பணுமே. போலீஸ் கம்ப்ளெய்ன்ட்டும் இல்ல." அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "எட்டு நாள் இருக்கு. முதல்ல ஸ்டேஷன். அங்கேயும் இதையே கேப்பாங்க, மரியாதையா கேக்க மாட்டாங்க. வண்டி ஓட்டுன பொண்ணு எங்க?"

"பள்ளிக்கூடத்துல."

"கூட்டிக்கிட்டு வாங்க. ஓட்டுனது நான்தான்னு அது வாயால சொல்லணும். சொல்லுமா?"

மலர்க்கொடி அம்சத்தைப் பார்த்தாள். அம்சம் சுடர்விழியின் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குதிகால் தரையில் படவில்லை.

வெளியே வந்து பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். டீச்சர் மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

"கலை, பையை எடுத்துக்கிட்டு வாசல்ல நில்லு. அம்மா வர்றேன்."

"போலீஸ் ஸ்டேஷனுக்காம்மா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை," என்றாள் கலைமகள். "நான் தினம் காலையில கிளம்பும்போது, இன்னைக்காத்தான் இருக்கும்னு நெனைச்சுக்கிட்டுத்தான் வர்றேன்."