பச்சை இலை போட்ட பேணி

எண்பதுகளின் நடுவில், ஜெர்மனியின் பீலெஃபெல்டில் அகதிகள் விடுதி ஒன்றில் இருந்தேன். வேலை செய்ய அனுமதி கேட்டு எழுதி, காத்திருந்து, மறுபடி எழுதி, ஒருவழியாக அது கைக்கு வந்தபோது சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டைத் தொடுகிறவர்களின் கையில் புண்ணோ சொறியோ இருக்கக்கூடாது. அதைச் சுகாதார அலுவலகத்தில் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். மூன்று வாரத்தில் டேர்மின், அதாவது போய்க் காட்ட ஒரு நாள், கொடுத்தார்கள்.

என் கையோ குளிரில் வறண்டு, விரல் மடிப்புகளில் லேசாக வெடித்திருந்தது. சும்மா விட்டிருந்தால் தானே ஆறியிருக்கும். சும்மா விடுகிற ஆட்களா நாங்கள்?

அறையில் என்னோடு இருந்த மன்னார் அக்கா கடைக்குக் கூட்டிப் போனார். தட்டு முழுக்கக் கிறீம். எனக்கு அப்போது ஜெர்மன் எழுத்துக்கூட்டத்தான் வரும். ஒரு தகரப் பேணியில் பச்சை இலையும் வெள்ளைப் பூவும் கீறி, மேலே பெரிதாக ‘நாட்டூர்’ என்று போட்டிருந்தது. இயற்கை. அந்தச் சொல் தெரியும்.

“இதை எடுங்கோ. மூலிகை. ஒரு கெடுதலும் செய்யாது,” என்றார் அக்கா.

பூசிய இரண்டாம் நாள் கை சிவந்தது. நான்காம் நாள் சின்னச் சின்னக் கொப்புளங்கள், தாங்க முடியாத அரிப்பு.

“அக்கா, இது கூடுதெல்லோ?”

“ஓம், கூடும்தானே. உள்ளுக்குக் கிடக்கிற வருத்தத்தை மூலிகை வெளியில இழுக்குது. நிப்பாட்டாதேங்கோ.”

ஊரில் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரிமார் சொல்லிக் கேட்டுப் பழகிய நியாயம். நானும் ஒரு நாளைக்கு மூன்று தரம் அப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

டேர்மினுக்கு ஐந்து நாள் இருக்கும்போது பேணியையும் கையையும் மருந்துக்கடைக்காரியிடம் நீட்டினேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்தார். ஒரு சொல்லில் விரலை வைத்து, பிறகு அந்த வெள்ளைப் பூவைக் காட்டினார். கமில்லே. அந்த ஊர்க்காரர் தேநீராகக் குடிக்கிற பூ. சிலருடைய தோலுக்கு அது ஆகாதாம்.

“நாட்டூர்?” என்று மறுபடியும் கேட்டேன். அந்தச் சொல்லை யாரும் போடலாம், உன் தோலைக் கேட்டுவிட்டா போடுகிறார்கள் என்று மெல்ல மெல்லச் சொல்லி விளங்க வைத்தார்.

வரும் வழியெல்லாம் என் மேலேயே எரிச்சல். யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், வேலியோரத்து அலரியின் விதை ஆளைக் கொல்லும் என்று அறிந்து வளர்ந்தவள். அலரியும் இயற்கைதானே! மருந்துக்கடையில் தந்த களிம்பு பெற்றோலியத்தில் செய்தது. பூவும் இல்லை, வாசமும் இல்லை. அதைப் பூசிய பிறகுதான் அரிப்பு அடங்கத் தொடங்கியது.

ஐந்து நாள் போதவில்லை. சுகாதார அலுவலக வைத்தியர் கையைப் புரட்டிப் பார்த்து, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். சமையலறைக்காரர் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. என்னோடு சேர்ந்து அனுமதி கிடைத்த அக்காவுக்கு அந்த வேலை போயிற்று. அவருடைய கையில் ஒரு கீறல்கூட இல்லை.

“குறை நினையாதேங்கோ,” என்றார். நான் நினைக்கவில்லை என்று சொன்னேன். நன்றாக நினைத்தேன்.

ஒரு மாதம் பாத்திரம் கழுவியதில் அக்காவின் கையும் வெடித்தது.

“அந்தப் பேணி கிடக்கோ?”

களிம்பு மேசையில் கண்ணுக்கு முன்னால் இருந்தது. பேணி கட்டிலுக்குக் கீழே. குனிந்து பேணியைத்தான் எடுத்துக் கொடுத்தேன். நல்ல மனதோடு கொடுக்கவில்லை. பட்டுப் பார்க்கட்டும் என்றே கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் அவருடைய கை ஆறி வழுவழுப்பாகிவிட்டது. கொப்புளம் ஒன்றும் வரவில்லை. இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“சொன்னனான் எல்லோ, நல்ல சாமான் எண்டு. உங்கட தோல்தான் சரியில்லை.”